முதல் பத்து நிமிடம்

லாரி வந்து நின்றபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஃபியூஸ் கட்டைகள் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் ஷெட்டுக்கு வெளியே கிடந்தன. “மழைக்கு முந்தி ஏத்திடணும், எல்லாரும் வாங்க!” என்று மேஸ்திரி கத்தினார். அந்தப் பீங்கான் கம்பெனியில் பூங்கோதைக்கு உட்கார்ந்து தரம் பிரிக்கிற வேலை. ஊரே ஓடும்போது தான் மட்டும் உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு அவளும் எழுந்து போனாள்.

நாலைந்து பெட்டி தூக்குவதற்குள் விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன. தொடை இரண்டும் கல்லாக இறுகின. “என்னா கோதை, அதுக்குள்ளயா?” என்று யாரோ சிரித்தார்கள். விளையாட்டு வாத்தியாரிலிருந்து சொந்தக்காரர்கள் வரை எல்லோரும் அவளைச் சோம்பேறி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் அவள் காதில் விழும்; அதற்குமேல் உள்ளே போகாது.

அன்று சாயங்காலம் சிறுநீர் பால் விடாத டீயைப்போல் போனது. அவள் பயப்படவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் தம்பி பாரி, “அக்கா, டீத்தண்ணியாட்டம் போவுதுக்கா” என்று அவளிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்ன அந்த வாரமே அவன் செத்துப்போனான்.

பாரியைப் போலீஸில் சேர்த்துவிட வேண்டும் என்று அவர்களுடைய அப்பா கொளஞ்சிநாதனுக்கு ஆசை. சூளையில் வேலை பார்க்கிறவர் அவர். விடியுமுன் மகனை மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஓடவிடுவார். அவன் ஒரு சுற்று முடிவதற்குள் நின்றுவிடுவான். “நடிக்காதடா” என்பார். போலீஸ் தேர்வு நெருங்கிய சமயத்தில் ஒருநாள் அவனை நிற்கவே விடவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் கிட்னி போய்விட்டது என்றார்கள். ஜிம் வைத்திருந்த ராஜாங்கம் ஏதோ பவுடர் கொடுத்தான், அதைக் குடித்துத்தான் பையன் செத்தான் என்று ஊரில் பேச்சு எழுந்தது. கொளஞ்சிநாதன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில் ராஜாங்கத்தின் சட்டையைப் பிடித்து அறைந்தார். அதன்பிறகு அந்த ஜிம்முக்கு யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை.

பூங்கோதை அப்போதும் அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், தின்றாள், தூங்கினாள். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது அவள் போன விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா அவளை ஓடுகிற பட்டையின்மேல் மெதுவாக நடக்கவைத்தாள். முதலில் நெஞ்சு படபடவென்று அடித்தது, கால் வலித்தது. இறங்கிவிடலாமா என்று நினைத்தபோது வலி தானாகவே தளர்ந்தது. திரையில் நாடித்துடிப்பு இறங்குவதை டாக்டரம்மா குனிந்து பார்த்தாள்.

“இப்ப நடக்கிறது சுலபமா இருக்குதா?”

“ஆமா மேடம். எப்பவும் இப்படித்தான். மொதல்ல கொஞ்சநேரம் தாங்கிட்டா அப்புறம் ஒண்ணும் தெரியாது.”

“இத யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

ரத்தமும் தொடைச் சதையில் ஒரு சிறு துண்டும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா அவளை எதிரே உட்காரவைத்து, சதையில் பிறவியிலேயே ஒரு குறை என்று விளக்கிச் சொன்னாள். பாரியின் கதையையும் கேட்டுக்கொண்டாள். “சோதிக்காம உறுதியா சொல்லமுடியாது. ஆனா நீங்க சொல்றதப் பாத்தா தம்பிக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்.” பெற்றவர்கள் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்களா என்றும் கேட்டாள்; அப்படிப்பட்ட குடும்பத்தில் இது வர வாய்ப்பு அதிகமாம். அம்மா அப்பாவின் அக்கா மகள்தான். பூங்கோதை தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயல்கள் ஓடின. பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் இருந்தார். “டாக்டர் என்னா சொன்னாங்க?” என்றார்.

அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சாதத்திலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப பாரிக்கும்?”

“அப்படித்தாம்பா இருக்கும்னாங்க.”

“அவன் பவுடர் எதுவும் குடிக்கலயா?”

“இதுக்குப் பவுடர் வேணாம்பா. நிக்காம ஓடுனாலே போதும்.”

அடுப்படியில் அம்மா செல்வநாயகி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.  அப்பாவின் கையில் சோறு காய்ந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, “ராஜாங்கத்தப் பாக்கணும். நீயும் வா, எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார்.

ராஜாங்கம் இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜூஸ் கடை வைத்திருந்தான். அவர்களைக் கண்டதும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான். அப்பா மகளைப் பார்த்தார். பூங்கோதைதான் பேசினாள்.

“அண்ணே, நாம சாப்புடறதுல கொஞ்சம் சர்க்கரைய சதை தனக்குன்னு சேத்து வச்சிக்குதாம். ஓட ஆரம்பிச்சதும் அத ஒடச்சுத்தான் தெம்பு எடுக்கும். எங்களுக்கு அத ஒடைக்கிற சத்து பொறவியிலயே இல்ல. சர்க்கரை உள்ளயே இருக்குது, எடுக்க முடியாது. பத்து நிமிஷம் மெதுவா போனா ரத்தத்துல இருக்கிற சர்க்கரையும் கொழுப்பும் சதைக்கு வந்து சேந்துடும். அதுக்கப்புறம் நடக்கலாம். அதுக்கு முந்தி அடிச்சு வெரட்டுனா சதையே ஒடஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னிய அடைச்சிடும்.”

யாரோ எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பதுபோல் இருந்தது அவள் குரல்.

ராஜாங்கம் ஈரத்துணியால் பலகையைத் துடைத்தான். பிறகு, “பாரி ஜிம்முக்கு வந்தா ஓரமா சும்மா நடந்துகிட்டே இருப்பான். ‘அண்ணே, கொஞ்சநேரம் போவட்டும், அப்புறம் பாரு’ம்பான். டிமிக்கி குடுக்கிறான்னு நானும்தான் திட்டியிருக்கேன்” என்றான்.

“ஒன்ன அடிச்சேன்” என்றார் கொளஞ்சிநாதன்.

“அடிச்சீங்க.”

“பொழப்பையும் கெடுத்தேன்.”

ராஜாங்கம் விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. வாசலில் ஆள் வந்து நிற்க, திரும்பிச் சாத்துக்குடியை அறுக்க ஆரம்பித்தான்.

இருவரும் ரோட்டுக்கு வந்தார்கள். அப்பாவின் தோள் குலுங்கியது. பூங்கோதை பக்கத்தில் நின்றாள். தனக்கும் அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. வயிறுதான் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

“அப்பா, எதாவது சாப்புடலாமா?”

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எதிரே இருந்த ஓட்டலைப் பார்த்தார். உள்ளே போய் உட்கார்ந்து இட்லி சொன்னார்கள்.  அவள் இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றாள்.