ஒன்பதாம் மேசைக் கொடி

விராலிமலை டயர் கடைக்காரர் திருப்பதிக்குப் புதுக்கோட்டை பார்பிக்யூ ஓட்டல் பரிமாறத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. இன்னும் நிறுத்தவில்லை.

கல்யாண நாளுக்காகப் போனது. பிரியாணியே போதும் என்றாள் மனைவி சொர்ணவல்லி. திருப்பதிக்கு எதுவும் போதாது. மேசை நடுவிலேயே கரியடுப்பு எரியும் ஓட்டல் என்று கேள்விப்பட்டு, தம்பி கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுக்குள் வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு மத்தியானம் போய் இறங்கினார். வாசலில் கும்பிட்டவரும் அதே நிறக் கோட்டுதான். பின்னால் வந்த குடும்பம் திருப்பதியிடம், "நாலு பேருக்கு எடம் இருக்குங்களா?" என்றது. "உள்ள இருக்கும், போங்க" என்று அவரும் கதவைத் திறந்துவிட்டார்.

பரிமாறியவர் ஞானமணி, ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். அவர்கள் உட்கார்ந்த ஒன்பதாம் மேசைமேல் சாண் உயரக் கொடி ஒன்றை நட்டார். "இது நிக்கிற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும் சார். போதும்னா எறக்கி விட்ருங்க."

"நான் உக்காந்தா ஒங்க கடைய மூடணும்ணே" என்றார் திருப்பதி, பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி.

கம்பி கம்பியாகக் கோத்து இறால் வந்தது, கோழி வந்தது, சுட்ட அன்னாசி வந்தது. கோட்டுப் பொத்தான் தெறித்துப் பக்கத்து மேசை சூப்பில் விழுந்ததும் கொடியை இறக்கப் பார்த்தார். அசையவில்லை. ஞானமணி இழுத்தார், மானேஜர் இழுத்தார். சமையல்காரர்கள் சேர்ந்து இழுத்தபோது எரிகிற அடுப்போடு மேசை மேலே வந்தது, கொடி இறங்கவில்லை. "கொடி நிக்கையில நாங்க நிறுத்தக் கூடாது சார்" என்று வருத்தத்தோடு சொன்ன ஞானமணி, புகையும் கம்பிகளோடு விராலிமலை பஸ்ஸில் கூடவே ஏறினார். கண்டக்டர் கம்பிகளுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

அன்றிலிருந்து சாயங்காலந்தோறும் வந்தார். முதல் மாதம் திருப்பதி லாரிக்காரர்களிடம், "நம்ம ஏற்பாடுதான்" என்று சொல்லிக்கொண்டார். அடுத்த மாதம் கோழியைக் கண்டாலே லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ஞானமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து கம்பியை உள்ளே நீட்டினார். தெருவுக்கே கொடுத்துப் பார்த்தும் ஓயவில்லை. நாய்கள்கூட எதிர்ப்பக்கம் போய்ப் படுத்தன. மாலை போட்டிருந்த கார்த்திகையில் மட்டும் உருளைக்கிழங்கும் அன்னாசியுமாக வந்தது.

ஒருநாள் திருப்பதி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "போதும்ணே. நெசமாவே போதும். அன்னைக்குப் பெருமைக்குப் பேசிட்டேன்." கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டிராத சொர்ணவல்லி கடைக்குப் பின்னால் இருந்த வீட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஞானமணி ஓட்டலுக்குப் போன் போட்டுக் கேட்டார். "அப்படியேதான் நிக்குதாம் சார்" என்று சொல்லி ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சாப்டீங்களாண்ணே?" என்றாள் சொர்ணவல்லி.

ஞானமணி முழங்காலை நீவிக்கொண்டார். "கறி வாசத்துலயே வயிறு மூடிப்போகுதும்மா. ரசஞ்சோறு இருந்தாக் குடு."

இத்தனை நாளில் இதை ஒரு தடவைகூடத் தான் கேட்கவில்லையே என்று திருப்பதிக்கு முகம் எரிந்தது. தட்டை அவரே கழுவி எடுத்து வந்து வைத்தார். தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

போன வருடம் ஓட்டலை மூடிவிட்டார்கள். அங்கே இப்போது ஜவுளிக்கடை. ஞானமணி அதே பஸ்ஸில், சூடு ஆறாத அதே கம்பிகளோடு வருகிறார். கறி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. சொர்ணவல்லி கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "அப்பளம் சுடவாண்ணே, பொரிக்கவா?"

"சுட்டது மட்டும் வேணாம்மா" என்பார் ஞானமணி.