கேட்டுக்கு வெளியே இன்னும் வரையவில்லை

“உன்னைய இதுவரைக்கும் எத்தனை தடவை விடுதலை பண்ணியிருக்காங்க, அம்மிணி?”

சங்கச் செயலாளர் ஆறுச்சாமி ஒருமுறை துளசிமணியிடம் இப்படிக் கேட்டார். சங்கத்தில் ஆள் சேர்க்கும்போது எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். துளசிமணிக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து மட்டுமே பல தடவை ஆகியிருந்தது.

துளசிமணிக்கு வேலை ஒரு வீடியோ கேமுக்குள். கேமின் பெயர் ‘பஞ்சாலைப் புரட்சி’. அதில் ஒரு மில். மில்லுக்குள் நூல் நூற்கும் மெஷின்கள். மெஷின்களுக்கு முன்னால் அடிமைப்பட்டு நிற்கிற பெண்களில் அவள் ஒருத்தி. அடிமைப்பட்டு நிற்பதற்கு ஏற்ற முகவெட்டு என்று அவளை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

எங்கேயோ ஒருவன் சோபாவில் சாய்ந்துகொண்டு பொத்தானை அழுத்துவான். இங்கே செந்துண்டு கட்டிய வீரன் ஒருவன் மதிலைத் தாண்டிக் குதிப்பான். பெண்கள் அவனைத் ‘தம்பி’ என்பார்கள். உருவம் ஒன்றுதான். ஆட்டுவிக்கிற ஆள் ஒவ்வொரு தடவையும் வேறு. சில தம்பிகள் வந்த வேலையைப் பார்ப்பார்கள். சில தம்பிகள் சுவரில் முட்டியபடி ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு தம்பி கேன்டீன் மேஜைமேல் ஏறிக் குதித்துக் குதித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு யாருக்கும் விடுதலை இல்லை.

வழக்கம் இதுதான். தம்பி மேஸ்திரிகளைச் சுடுவான். சுவரொட்டி ஒட்டினால் அவனுக்கு உயிர் கூடும். கோஷம் போட்டால் தோட்டா கிடைக்கும். மூன்றாம் மாடிக்கு ஏறி முதலாளியைக் கொல்வான். அப்புறம் இறங்கி வந்து பெரிய கேட்டைத் திறப்பான். எல்லோரும் கைகளை உயர்த்துவார்கள். துளசிமணி ஓரடி முன்னால் வந்து, “நன்றி தோழரே! நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை!” என்பாள்.

அவள் அதைச் சொல்லி முடித்தால் கேம் முடிந்துவிடும். உடனே இருட்டும். திரும்ப வெளிச்சம் வரும்போது கேட் பூட்டியிருக்கும். அவள் மெஷினுக்கு முன்னால் நிற்பாள்.

கெட்டிக்காரத் தம்பியாக இருந்தால் டீ ஆறுவதற்குள் புரட்சியை முடித்துவிடுவான்.

சங்கக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சமயம்தான் உண்டு. தம்பி தண்ணீர் குடிக்கவோ போன் பேசவோ எழுந்து போகும்போது ஆட்டத்தை நிறுத்திவைப்பான். அப்போது எல்லோரும் இருந்த நிலையிலேயே நின்றுவிடுவார்கள். கை கால் அசையாது. வாய் மட்டும் அசையும். சங்கம் நடத்த அது போதுமாக இருந்தது.

வாக்கெடுப்பு கைகளை வைத்துத்தான். ஆட்டம் நின்ற நேரத்தில் யார் கை மேலே இருக்கிறதோ அவர் ஆதரவு. கீழே இருந்தால் எதிர்ப்பு. அறுந்த நூலைப் பிடிக்கக் கையைத் தூக்கியபடியே அடிக்கடி நின்றுபோகிற மாராத்தாள், வந்த தீர்மானத்தையெல்லாம் ஆதரித்து, முற்போக்கானவள் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

ஒருநாள் கூட்டம் நடக்கும்போது மூன்றாம் மாடியிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

“ஏனுங்க தோழர், என்னையும் சங்கத்துல சேத்துக்கோங்க.”

“நீங்க முதலாளிங்க,” என்றார் ஆறுச்சாமி.

“முதலாளியா நிக்கறதுதானுங்க என்ற வேலை. வேலை செய்யறவன் தொழிலாளின்னு நீங்கதான பேசுனீங்க? உங்களையாச்சும் விடுதலை பண்றான். என்னையக் கொல்லுறானுங்க.”

“சம்பளம் எத்தனைங்க?”

“கெடையாதுங்க.”

“எங்களுக்கும் கெடையாதுங்க,” என்றாள் மாராத்தாள். “பாவம், சேத்துக்கலாம்.”

அன்றைக்கு ஆட்டம் நின்ற நேரத்தில், தம்பி கை தவறிப் பெண்கள் பக்கம் துப்பாக்கியைத் திருப்பியிருந்தான். எல்லோருடைய கைகளும் மேலே இருந்தன. முதலாளி ஏகமனதாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அன்றிலிருந்து அவர் ‘தோழர் முதலாளி’.

துளசிமணி கூட்டங்களில் பேச மாட்டாள். வசனம் சொல்வதோடு சரி. ஆனால் அவள் ஒன்றைப் பார்த்துவைத்திருந்தாள். மெஷின்களிலிருந்து பறக்கிற பஞ்சுத் தூசி தரையோடு தரையாக உருண்டு போகும். கேட்டுக்கு அடியில் இருக்கிற சந்தில் நுழைந்து வெளியே போய்விடும். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பஞ்சு போகிறது. மில்லில் எல்லோரும் தினமும் விடுதலை ஆகிறோம். ஒருத்தரும் கேட்டைத் தாண்டவில்லை. இது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவள் பேசினாள்.

“கேட் தெறந்ததும் நாம வெளிய போலாமுங்களா?”

எல்லோரும் அமைதியானார்கள். அசையாமல் இருப்பவர்கள் அமைதியும் ஆகிவிட்டால் மில் படம் போல இருக்கும்.

“வெளியன்னா?” என்று கேட்டார் ஆறுச்சாமி.

“கேட்டுக்கு அந்தப் பக்கமுங்க.”

“அங்க ஒண்ணுமே இல்லீங்க அம்மிணி,” என்றார் தோழர் முதலாளி மேலேயிருந்து. “நான் செத்து விழுகறது சன்னலோரம். கண்ணு தெறந்தேதான் கெடக்கும். பாத்திருக்கறேன். வெள்ளையாக் கெடக்குது. மரமில்ல, ரோடில்ல.”

“அதானே,” என்றார் ஆறுச்சாமி. “விடுதலை வரைக்கும்தான் மேலிடத்துல வரைஞ்சிருக்கறாங்க. அதுக்கப்புறம் என்னங்கறது இன்னும் வரையல. பரிசீலனைல இருக்குது.”

“எப்ப வரைவாங்க?”

“அதைக் கேக்கறது கட்டுப்பாட்டை மீறுறது.”

“வரையலீன்னா நடக்கக் கூடாதுங்களா?”

ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார். “பக்கத்து கேமுல இருந்த மில்லுல என்ன நடந்துச்சுன்னு தெரியுமில்ல? ஒருத்தன் நன்றி சொல்ல இழுத்தான். ஆட்டம் கோளாறுன்னு மில்லையே அழிச்சுப்போட்டாங்க. இப்ப அங்க மீன் புடிக்கற கேமு ஓடுது. நம்ம தோழருங்க அத்தனை பேரும் அதுல மீனு.”

வாக்கெடுப்பு நடந்தது. எல்லோரும் குனிந்து பஞ்சு அள்ளுகிற நேரம் பார்த்து ஆட்டம் நின்றிருந்தது. ஒரு கைகூட மேலே இல்லை. மாராத்தாள் கையும் கூடைக்குள் இருந்தது.

“எனக்கு ஆதரிக்கோணும்னுதான் இருக்குது கண்ணு,” என்றாள் மாராத்தாள். “கை கீழ கெடக்குதே.”

தீர்மானம் தோற்றது. தம்பி தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அவர்களை விடுதலை செய்தான். துளசிமணி நன்றி சொன்னாள். இருட்டியது.

மறு ஆட்டத்துக்கு வந்தவன் பொறுமைசாலியான தம்பி. எல்லாச் சுவரிலும் சுவரொட்டி ஒட்டினான். மேஸ்திரிகளை வரிசையாகச் சுட்டான். தோழர் முதலாளி சன்னலோரம் விழுந்தார். கேட் திறந்தது. கைகள் உயர்ந்தன. துளசிமணி ஓரடி முன்னால் வந்தாள்.

வாயைத் திறக்கவில்லை.

இருட்டவில்லை.

தம்பி அவளருகே வந்து பேசுகிற பொத்தானை அழுத்தினான். அவள் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி எழுந்து மறைந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி ஆச்சரியக்குறி. அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினான். எதிரே நின்று குதித்தான். நன்றி கிடைக்காத வீரனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“வசனம் மறந்துபோச்சா கண்ணு?” என்று மாராத்தாள் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். “நன்றி தோழரேன்னு ஆரம்பிக்கும்.”

தம்பி ஆட்டத்தை நிறுத்திவைத்தான். யாரிடமாவது கேட்டுவரப் போயிருக்க வேண்டும்.

“அவசரக் கூட்டம்!” என்று கத்தினார் ஆறுச்சாமி. “துளசிமணி பண்றது தனிநபர் சாகசம். கண்டிச்சுத் தீர்மானம் போடறேன்.”

கேட் திறந்த சமயம். எல்லோர் கையும் மேலே இருந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

“நானும் ஒண்ணு போடறேனுங்க,” என்றார் தோழர் முதலாளி, செத்த இடத்திலிருந்து. “துளசிமணி பண்றது சரி. பாராட்டித் தீர்மானம்.”

எல்லோர் கையும் மேலேதான் இருந்தது. அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. ஆறுச்சாமி தன் கையை இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை.

“அப்பச் சங்கம் ரெண்டாப் போச்சு,” என்றாள் மாராத்தாள்.

“எதுல யாரு இருக்கறோம்?”

“ரெண்டுலயும் எல்லாரும்.”

“கொடி ஒண்ணுதான இருக்குது?”

அதன் பிறகு பேச்சு கொடியைப் பற்றியதாக ஆனது. கொடி தாய்ச் சங்கத்துக்கா, பிளந்த சங்கத்துக்கா, எது தாய், எது பிளந்தது என்று இரண்டு சங்கத்தாரும் தங்களுக்குத் தாங்களே பதில் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தச் சத்தத்தில் ஆறுச்சாமி குரலைத் தாழ்த்தினார். “சொல்லிப்போடு அம்மிணி. ஒத்த வார்த்தை. இல்லீன்னா எல்லாரும் மீனாப் போயிருவோம்.”

அவர் குரல் இன்னும் இறங்கியது.

“எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். கேட் தெறந்தாக் கையைத் தூக்கோணும். வெளிய போயி நான் எதுக்குக் கையைத் தூக்குவேன்?”

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் பழக்கத்தில் நன்றி வந்துவிடும். உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

தம்பி திரும்பி வந்தான். ஆட்டம் மறுபடி ஓடத் தொடங்கியது.

கேட் திறப்பதற்கும் நன்றி சொல்வதற்கும் நடுவில் அவள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நடுவில் இடம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. துளசிமணி காலைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடிந்தது. நடந்தாள்.

ரகசியக் கட்டம் ஏதோ திறக்கிறது என்று தம்பிக்குச் சந்தோஷம். அவளை முந்திக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். வாசற்படியில் எதிலோ முட்டி நின்றான். அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் அவனால் தாண்ட முடியவில்லை. நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான். துளசிமணி அவனைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வெளியே தோழர் முதலாளி சொன்னது போலத்தான் இருந்தது. தரைகூட வரையப்படவில்லை. அவள் வலது காலை வைத்தாள். கால் நின்றது. இடது காலையும் எடுத்துவைத்தாள். அதுவும் நின்றது.

“எங்க போறே அம்மிணி?” என்றார் ஆறுச்சாமி. “தோழர்! எங்கன்னாச்சும் சொல்லிட்டுப் போங்க!”

துளசிமணி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தாள்.