கம்பத்தடியில் ஒரு குட்டித் தூக்கம்

மரக்கிளை விழுந்து தொய்ந்துபோன மின்கம்பியை இழுத்துக் கட்டக் கம்பத்தின் உச்சிக்கு ஏறியிருந்தான் லைன்மேன். பெல்ட்டை மாட்டி நிமிர்ந்தபோது புதர்கள் சலசலத்தன. காட்டோரப் பாதையில் யானைக் கூட்டம். எல்லாம் பெண் யானைகள். முன்னால் காது கிழிந்த ஒரு கிழவி, நடுவில் வெயிலில் துவண்ட ஒரு குட்டி.

கம்பத்தை ஒட்டிக் கொஞ்சம் மரநிழல் கிடந்தது. அதைக் கண்டதும் குட்டி தொப்பென்று சாய்ந்து தூங்கிவிட்டது. பெரியவை அதைச் சுற்றி வளைத்து நின்றுகொண்டன.

லைன்மேன் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. துணைமின் நிலையத்தில் வேலை பார்க்கும் அவன் மனைவியின் தம்பி.

"மாமா, முடிஞ்சுதா? ஊரே கத்துது. சப்ளை குடுக்கவா?"

"குடுத்துடாதே மாப்ள! கம்பி தாழத் தொங்குது. கீழ குட்டி தூங்குது," என்றான் கிசுகிசுப்பாக.

"எந்தக் குட்டி?"

"யானைக் குட்டிடா! அம்மா, பெரியம்மா, சித்தின்னு குடும்பமே காவல் நிக்குது. இப்ப கம்பியை இழுத்தா அதுங்க மேல உரசும்."

"அட! ஸ்பேனரால கம்பத்துல ரெண்டு தட்டு தட்டுங்க. ஓடிப்போயிடும்."

ஸ்பேனரை எடுத்து ஓங்கியும்விட்டான். கீழே தாய், தும்பிக்கையில் மண்ணை அள்ளிக் குட்டியின் முதுகில் மெல்லத் தூவி ஈ விரட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் மிரண்டு ஓடினால் இத்தனை கால்களுக்கு நடுவே குட்டி என்ன ஆகும்? கை தானாக இறங்கியது.

"முடியாது மாப்ள. தானா எந்திரிக்கட்டும். யார் கேட்டாலும் வேலை முடியலன்னு சொல்லு."

கிழவி வந்து கம்பத்தில் விலாவைத் தேய்த்தது. கம்பம் ஆடியது. லைன்மேன் தெரிந்த சாமிகளையெல்லாம் மனசுக்குள் கூப்பிட்டான். தும்பிக்கை மேலே நீண்டு அவன் இருக்கும் பக்கம் மோப்பம் பிடித்தது. பிறகு, இவனால் தொல்லையில்லை என்று முடிவுகட்டியதுபோல் திரும்பிக்கொண்டது.

வெகுநேரம் கழித்துக் குட்டி தள்ளாடி எழுந்து, தாயை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற சித்தியின் மடியில் வாய் வைத்தது. கிழவியிடமிருந்து உறுமலாய் ஒரு அடிக்குரல். மொத்தக் கூட்டமும் ஒன்றாக நகர்ந்து மறைந்தது.

கம்பியை இழுத்துக் கட்டி, மரத்துப்போன கால்களோடு இறங்கி, "போடு மாப்ள," என்றான்.

வீட்டில் மனைவி கைக்குழந்தைக்குச் செய்தித்தாளால் விசிறி ஓய்ந்திருந்தாள். "மத்தியானம் பூரா ஃபேன் இல்ல. இவன் கண்ணே மூடல. அப்படி என்னதான் பண்ணீங்க?"

சொன்னான். முறைத்தபடியே கேட்டவள், "அதுக்கு எத்தனை மாசம் இருக்கும்?" என்றாள்.

"நடையே இன்னும் சரியா வரல."

"பாவம்," என்றாள். பிறகு குழந்தையை அவன் மடியில் போட்டுவிட்டுப் படுக்கப் போனாள்.