சிக்னல் கேபினில் டெஸ்மண்ட்

டெஸ்மண்ட் சொன்னது சின்னப் பொய்தான். ஆறு மாதம் தீனி போட்டு அதை யானையாக வளர்த்துவிட்டார். நடன வகுப்பில் க்ளெனிஸைப் பார்த்த முதல் நாளே, முப்பது வருடம் ரயில்வேயில் சிக்னல்மேனாக இருந்ததாக அளந்துவிட்டார். மனைவி இறந்தபின் ஒன்பது வருடம் தனியாகச் சாப்பிட்ட மனிதர் அவர். இப்போது க்ளெனிஸிடம் கல்யாணப் பேச்சையும் எடுத்துவிட்டார்.

"சனிக்கிழமை யார்க் ரயில் மியூசியத்துக்குப் போவோம். அங்க வெச்சு பதில் சொல்றேன்" என்றார் க்ளெனிஸ். டெஸ்மண்ட் வேறு வழியில்லாமல் தலையாட்டிவைத்தார்.

சனிக்கிழமை மியூசியத்தில் எஞ்சின்களைப் பற்றி எதையோ சொல்லி ஒருவழியாகச் சமாளித்தார். சிக்னல் கேபினில்தான் மாட்டிக்கொண்டார். சிக்னலையும் தண்டவாளத்தையும் மாற்றும் ஆள் உயர இரும்பு நெம்புகோல்கள் வரிசையாக நின்றன.

"பழைய சிக்னல்காரங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார் அங்கிருந்த வழிகாட்டி.

"இதோ இருக்காரே" என்று க்ளெனிஸ் டெஸ்மண்டை முன்னே தள்ளினார்.

டெஸ்மண்ட் பளபளத்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. வழிகாட்டியின் முகம் கோணியது.

"நகருங்க." கம்பியில் தொங்கிய துணியை எடுத்துக் கைப்பிடியில் சுற்றினார் க்ளெனிஸ். ஒரு காலை முன்னே ஊன்றி ஒரே இழுப்பு. நெம்புகோல் மடாரென்று சாய்ந்தது.

"நீங்க எந்த கேபின்ல இருந்தீங்க?" என்றார் வழிகாட்டி, மரியாதையாக.

"செல்பி ஊர் பக்கம். இருபத்திரண்டு வருஷம்." க்ளெனிஸ் டெஸ்மண்டை ஓரமாக இழுத்து வந்தார். "அந்தக் கைப்பிடியை வெறுங்கையால யாரும் தொட மாட்டாங்க. வேர்வை பட்டா துருப்பிடிக்கும். முதல் நாளே திட்டு வாங்கிக் கத்துக்கிற பாடம் இது."

"நான் சொன்னது பொய்னு எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரமே. வேலை நேரத்துல நிம்மதியாத் தூங்கினதாச் சொன்னீங்களே, சிக்னல்காரங்க யாராவது தூங்குவாங்களா? சரி, உண்மையில என்ன வேலை?"

டெஸ்மண்ட் தரையைப் பார்த்தார். "ஸ்டேஷன் கேன்டீன்ல... சாண்ட்விச் போட்டேன்."

டிவியிலும் மதுக்கடையிலும் இங்கிலாந்தே வருடக்கணக்கில் கேலி செய்த, காய்ந்துபோன ரயில்வே சாண்ட்விச். பாவம், வெளியில் சொல்ல முடியுமா?

க்ளெனிஸ் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "அந்த சாண்ட்விச்சா? ஓரமெல்லாம் சுருண்டுகிட்டு..."

டெஸ்மண்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. "காலைல போட்டப்ப அருமையாத்தான் இருக்கும். நீங்கல்லாம் சாயங்காலம் வந்து வாங்கினா நான் என்ன பண்றது?"

க்ளெனிஸின் சிரிப்பு மெல்ல அடங்கியது. டெஸ்மண்டின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

"அப்போ காலைல போட்டதைக் காலைலயே சாப்பிட வீட்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆளா நானே வர்றேன்."