வயலின் வேண்டாம்

1

இந்தக் கதை பஸ்ஸில் பிறந்தது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும்போது பக்கத்து சீட்டுக்காரர் போனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தார். தியேட்டரில் என்னைத் தேம்பித் தேம்பி அழவைத்த அதே சாவுக் காட்சி. ஹெட்போன் அவர் காதில், எனக்குச் சத்தமில்லை. சத்தம் இல்லாவிட்டால் அந்தக் காட்சியில் ஒன்றுமே இல்லை. கதாநாயகன் சும்மா வாயைப் பிளந்துகொண்டிருந்தான். அப்படியென்றால் அன்று என்னை அழவைத்தது வயலின்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் லிபியாவை உண்டாக்கினேன்.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், மாதேஸ்வரியின் கண்களில்...'

வேண்டாம். இதுவும் வயலின்தான்.

இரண்டாவது: லிபியா ஓசூரில் படங்களுக்கு ஒலி சேர்க்கிறவள். சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில், தகடு வெட்டும் பிரஸ்ஸில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவள் மாதேஸ்வரி. அவளைப் பற்றி ஹரீஷ்குமார் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். இது நிற்கட்டும்.

3

"விரல் போன எடத்துல வயலின் ஏத்திடு லிபியா. ஆடியன்ஸ் அழணும்."

"அழுதுட்டு வீட்டுக்குப் போயி தூங்கிடுவாங்க சார். நான் பிரஸ் சத்தத்தப் போடறேன். மாதேஸ்வரியக்கா பேசி முடிக்கிற வரைக்கும் அது நிக்கக்கூடாது."

"தலவலிதான் வரும்."

"வரட்டும்."

"சூளகிரில போட்டுப் பாப்போம். யாரும் அழலேன்னா வயலின்தான். டைட்டில்ல உன் பேரும் இருக்காது."

"பேர எடுத்துடுங்க சார்."

[இப்படி ஒருத்தி பேசுவாளா என்று எனக்கே சந்தேகம். அவளுக்கு இதுதான் முதல் பெரிய படம். பெயர் வராவிட்டால் அடுத்த வேலை கிடைக்காது. பணிந்துபோகிற லிபியாவையும் எழுதிப் பார்த்தேன். எனக்கே எரிச்சலாக வந்தது, அடித்துவிட்டேன்.]

4

சூளகிரிக் கல்யாண மண்டபத்தில் மாதேஸ்வரியும் அவளோடு வேலை செய்த பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அவள் பேச ஆரம்பித்தாள். கூடவே பிரஸ் அடித்தது. டொம். டொம். யாரும் அழவில்லை. ஹரீஷ்குமார் உதட்டைப் பிதுக்கினார்.

லிபியா அந்தப் பெண்களின் மடியைப் பார்த்தாள். பிரஸ்ஸில் தகட்டை வைத்ததும் கையை எடுத்துவிட்டுத்தான் பெடலை மிதிக்க வேண்டும். தவறினால் விரல் போகும். வருஷக்கணக்காக அதற்குப் பழகிய கைகள். ஒவ்வொரு டொம்முக்கும் ஒரு கணம் முன்னால், வரிசை முழுக்கக் கைகள் வெடுக்கென்று பின்னுக்குப் போயின. அவர்களுக்கே அது தெரியவில்லை. லிபியாவுக்குத் தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷமும் வந்தது.*

* அந்தச் சந்தோஷம் எனக்கும் வந்தது. வயலினைத் திட்டிவிட்டு நாங்களும் அதே வேலையைத்தான் பார்க்கிறோமா?

5

முதல் முடிவு: ஹரீஷ்குமார் மனம் மாறி, லிபியாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு... போங்கய்யா, அவராவது மாறுவதாவது!

இரண்டாவது: "பயப்படறாங்க லிபியா, கொறச்சிடு" என்றார் அவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. பின்வரிசையில் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு, "போதுங்க்கா" என்றாள். லிபியாவின் கை வால்யூமுக்குப் போனது.

முன்வரிசையிலிருந்து மாதேஸ்வரி எழுந்தாள்.

"எதுக்குக் கொறைக்கிற பாப்பா? என் விரலு போனப்ப பக்கத்து மிஷினக்கூட எவனும் நிறுத்தல. ஏத்து. ரோடு வரைக்கும் கேக்கட்டும்."

மூன்றாவது முடிவு கிடையாது. லிபியா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் நிம்மதியாக எழுந்து போய்விடுவீர்கள். ஏற்றுவதா, குறைப்பதா? நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், மாதேஸ்வரி நின்றுகொண்டே இருக்கிறாள்.