மணக்காத கஞ்சாக்கடை

காரெட் விட்லாக் சோபாத் தலையணையின் நடுவில் கையால் ஒரு வெட்டு வெட்டி, அது முயல் காதுபோல நிமிர்ந்து நிற்பதைத் தள்ளி நின்று பார்த்தான். நட்சத்திர ஓட்டல்களுக்கு உள்ளலங்காரம் செய்த கை. அமெரிக்காவின் டென்வரில் சட்டப்படியே தெருவுக்குத் தெரு கஞ்சாக்கடை இருக்கிறது. தான் அலங்கரித்த இதை மட்டும் கடை என்று சொல்ல அவன் யாரையும் விடுவதில்லை. ‘இல்லம்’ என்பான். வாங்க வருகிறவர்கள் விருந்தினர்கள். வாசலில் வயது அட்டை பார்க்கும் காவலாளிக்குக்கூட வரவேற்பாளர் என்று பெயர் மாற்றி, வால் வைத்த கோட்டு மாட்டிவிட்டிருந்தான். வரவேற்பு மேசைக்குப் பின்னால் பித்தளைக் கொக்கிகளில் சாவிகள் தொங்கின. அறைகள் கிடையாது, சாவிகள் மட்டும்.

இன்று முதலாளியம்மா மார்லீன் வருகிறாள். அவள் சரியென்றால் போல்டர் நகரத்துக் கடையின் அலங்கார வேலையும் அவனுக்கே. இல்லையென்றால் அவன் தன் அலுவலகத்தை மூட வேண்டியதுதான். காரெட் கவலைப்படவில்லை. பழைய கடையில் கதவைத் திறந்தாலே முகத்தில் அடித்த அந்தப் பச்சைக் கஞ்சா நெடியை ஒழித்தவன் அவனல்லவா? சுவர்த் துவாரங்களிலிருந்து அத்திப்பழமும் வெள்ளைத் தேயிலையும் கலந்த வாசனை மூச்சுப்போல வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்தும் பொத்தான் அவன் கைபேசியில் மட்டுமே. கழிப்பறையில் மட்டும் துவாரம் வைக்கவில்லை. அங்கே போய்த் தன் கலையை வீணாக்க அவனுக்கு மனமில்லை.

மார்லீன் வந்தாள். காலியாகக் கிடந்த சோபாக்களைப் பார்த்தாள்.

“வியாபாரம் நல்லாத்தான் நடக்குது, காரெட். ஆளுங்க எங்க?”

“உள்ள எங்கயாவது ரசிச்சிட்டிருப்பாங்க, மேடம்.”

நடைபாதைக் கோடியில் கழிப்பறை வாசலில் வரிசை நின்றது. நின்றவர்கள் அதற்குப் பழகிப்போயிருந்தார்கள். சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்னங்க, எல்லாருக்குமா வயிறு சரியில்ல?” என்றாள் மார்லீன்.

“வயித்துக்கு ஒண்ணுமில்லம்மா. மூக்குக்குத்தான் கேடு,” என்றார் முன்னால் நின்ற குபிக்கி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், முட்டிவலிக்கு வாங்குகிறவர். “மோந்து பாக்காம யாரு வாங்குவா? அங்க எந்த ஜாடியத் தொறந்தாலும் ஒரே அத்திப்பழம். முட்டிவலின்னு வந்தவன்கிட்ட கல்யாணப் பொண்ணு சோப்பை நீட்டுற மாதிரி இருக்கு. இந்த ரூமு ஒண்ணுதான் தப்பிச்சுது.”

கதவு திறந்தது. விற்பனைப் பெண் ரெனாட்டா தட்டு நிறைய ஜாடிகளோடு எட்டிப் பார்த்தாள். முதலாளியம்மாவைக் கண்டதும் ஒரு நொடி திகைத்தாள். பிறகு, காரெட் சொல்லிக்கொடுத்தபடியே லேசாகத் தலை சாய்த்து, “அடுத்த விருந்தினர், வாங்க,” என்றாள்.

“நீங்கதான் கட்டினீங்களா, தம்பி?” என்று உள்ளே போகும்போது காரெட்டின் தோளைத் தட்டினார் குபிக்கி. “கக்கூஸ் பிரமாதம்.”

மார்லீன் காரெட்டைப் பார்த்தாள். “அப்போ, போல்டர்ல?”

அவன் ஒரே ஒரு மூச்சு தயங்கினான்.

“போல்டர்ல இந்த ரூம்தான் மையம், மேடம். மொதல்லேர்ந்தே என் எண்ணம் இதுதான்.”

“அந்த வாசனை?”

“எந்த வாசனை?”

மார்லீன் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். காரெட் வரவேற்பு மேசைக்கு நடந்து, அங்கிருந்த பித்தளை மணியை எடுத்துவந்து, கழிப்பறைக் கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் வைத்தான். விரல் நுனியால் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினான். ஆளில்லாத கூடத்தில் காதுகளை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த தலையணைகள்மீது சுவர்கள் அத்திப்பழத்தை ஊதிக்கொண்டிருந்தன.