நேரில் சொன்னது

எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைத்தேன். பொங்குவதற்குள் அணைத்தேன். மெஷினில் கிடந்த துணிகளை எடுத்து பால்கனியில் காயப்போட்டேன்.

"சட்டையை உதறிப் போடுங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை.

உதறிப் போட்டேன். மனைவி இறந்ததிலிருந்து அவள் அம்மா என்னோடுதான் இருக்கிறார்.

சாப்பிட்டு முடித்தபோது தாடி வந்தான். பறவை ஆராய்ச்சிக் கூடத்தில் என் மனைவியோடு வேலை பார்த்தவன். அவளை அக்கா என்பான். அந்த முறையில் நான் மாமா.

"இன்னும் அந்தப் புதரை வழிக்கலையா?" என்றார் அத்தை.

"ஏதாவது குருவி வந்து கூடு கட்டும்னு பாக்குறேம்மா."

"கட்டினாலும் உன் கண்ணுல படாது."

அவளும் தாடியும் தேடியது பின்ச் வகைக் குருவி ஒன்றை. ஊர்க்குருவி என்றுதான் யாரும் நினைப்பார்கள்; வாலுக்கு அடியில் மட்டும் வெள்ளை. எங்கே கூடு கட்டுகிறது, எத்தனை மிச்சம், யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் அழிந்துவரும் உயிர்களின் பட்டியலில் அதற்கு நேரே 'போதிய தகவல் இல்லை' என்று இருக்கிறது. அப்படி இருக்கும்வரை அதற்காக யாரும் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. வடக்குக் குன்றில் கல் குவாரிக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். அங்கே அதன் கூடு உண்டு என்று உறுதியானால் 'அழியும் அபாயம்' என்று மாற்றலாம். குவாரி நின்றுவிடும்.

அவள் கடைசியாக அந்தக் குன்றுக்குத்தான் தனியாகப் போனாள். காய்ச்சலோடு திரும்பினாள். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான் மட்டும்.

"அக்கா கேமராவுல ஒண்ணுமில்ல மாமா. ஆனா கூட்டைப் பார்த்தேன்னு அக்கா உங்ககிட்ட சொல்லியிருந்தா போதும். பேரைப் போட்டு 'நேரில் சொன்னது'ன்னு எழுதிக்கலாம். அக்கா சொன்னதுன்னா கமிட்டில மறுபேச்சு கிடையாது."

பறவை ஆய்வாளர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இந்தக் குருவியைப் பார்த்தவர்களே சிலர்தான். நம்பகமானவர் வாயால் சொன்னதும் சான்று.

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் பொண்ணு பேர் வருமா அதுல?"

"வரும்மா. அந்தக் குருவியைப் பத்தி எவன் படிச்சாலும் அக்கா பேரைப் படிச்சாகணும்."

"அப்போ சொல்லுங்க மாப்பிள்ளை. பார்க்காமலா வந்திருப்பா?"

தாடி மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். நான் சொல்வதை யாராலும் சரிபார்க்க முடியாது. அதுதான் உறுத்தியது. அடுத்தவர் அறிக்கையில் 'இருக்கலாம்' என்பது 'இருக்கிறது' என்று ஆகிவிட்டால் அவள் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

"கூடு ஒண்ணு பார்த்தாளாம்" என்றேன். "காலிக் கூடு. எந்தக் குருவியோடதுன்னு சொல்ல முடியாதுன்னா."

அவன் தட்டச்சு செய்வதை நிறுத்தினான். "இதை எழுதினா ஒண்ணும் மாறாது மாமா."

"தெரியும். குன்று இன்னும் அங்கதானே இருக்கு. போய்ப் பார்ப்போம். நானும் வரேன்."

"கமிட்டிக் கூட்டம் அதுக்குள்ள முடிஞ்சிரும்."

"முடியட்டும்."

அவன் வாதாடவில்லை. நான் சொன்னபடியே எழுதி, ஒருமுறை படித்துக் காட்டினான்.

"கடைசியா இதையா சொன்னா?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை. இது முந்தின நாள் சொன்னது."

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். பெரிதாக ஏதோ வரும் என்று நினைத்திருப்பார்கள்.

"'ஃபேனைக் கொஞ்சம் குறைங்க, குளிருது'ன்னா."